ட்யூப் லெவல் போதுமா, ஆட்டோ லெவல் வேண்டுமா?

வாசகர் கேள்வி, 2024 பிப்ரவரி 11

"பதினைந்து வருடமாக வீடு கட்டிக் கொடுக்கிறேன். புதிதாகச் சேர்ந்த பையன், இரண்டு மாடி வீட்டுக்கு ஆட்டோ லெவல் வாடகைக்கு எடுக்கச் சொல்கிறான். பீம் கணக்கை மென்பொருளில் போட்ட பிறகுதான் கம்பி வெட்ட வேண்டும் என்கிறான். தளம் போட்டபின் ரீபவுண்ட் ஹேமர் அடித்துப் பார்க்க வேண்டுமாம். ட்யூப் லெவல், கைக்கணக்கு, அனுபவம், இதெல்லாம் போதாதா? யார் சொல்வது சரி?"

பிப்ரவரி 11, இரவு

ட்யூப் லெவல், அதாவது தண்ணீர் நிரப்பிய கண்ணாடி மாதிரி தெரியும் குழாய், அதுவே போதும். இரண்டு மாடி வீட்டுக்கு ஆட்டோ லெவல், அதாவது ஸ்டாண்டில் வைத்து தொலைநோக்கி வழியாக மட்டம் பார்க்கும் கருவி, எடுப்பது கொசுவுக்கு வலை வீசுகிற கதை. நல்ல ட்யூபில், பழகிய கையில், 20 மீட்டருக்கு 2, 3 மி.மீ.க்குள் மட்டம் வரும். பூச்சு வேலையில் அதைவிடக் கூடுதலாகவே கொத்தனார் ஏற்ற இறக்கம் விடுவார்.

கணக்கையும் ஹேமரையும் (கான்கிரீட்டில் அடித்து, எவ்வளவு துள்ளுகிறது என்று பார்த்து வலிமை சொல்லும் சுத்தியல்) பற்றி நாளைக்கு.

பிப்ரவரி 12, காலை

நேற்று எழுதியதைப் படித்தால் எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ட்யூப் லெவலால் நான் பட்டதை மறைத்துவிட்டேன்.

1998. நான் சைட்டுக்கு வந்து மூன்றாவது வருடம். ஒரு வீட்டுக்கு மொட்டை மாடி மட்டம் குறித்தோம். ட்யூப் பழசு, உள்ளே பாசி படிந்து மங்கிப் போயிருந்தது. மேஸ்திரி ஒரு முனையைப் பிடித்தார், நான் மறுமுனையில் பென்சிலோடு நின்றேன். தண்ணீர் ஆடி அடங்கியது, கோடு போட்டேன், அடுத்த மூலை. வேலை முடிந்து ட்யூபைச் சுருட்டும்போதுதான் பார்த்தேன். என் பக்கத்துச் செங்குத்துப் பகுதியில், நான் கையால் பிடித்திருந்த இடத்துக்குக் கீழே, ஒரு குமிழி அடைத்துக்கொண்டு நின்றது. சுமார் 15 மி.மீ. நீளம். குழாயின் குறுக்களவு முழுக்கக் காற்று அடைத்திருந்தால், அந்தக் குமிழி எவ்வளவு உயரமோ அந்தப் பக்கத்துத் தண்ணீர் அவ்வளவு மேலே காட்டும். அதாவது என் கோடுகள் எல்லாமே 15 மி.மீ. ஏறிப் போயிருந்தன.

பார்த்தேன் என்றேனே தவிர, சொல்லவில்லை. குமிழி கடைசி நேரத்தில் வந்திருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மறுநாள் கான்கிரீட் லாரி வருவதாக இருந்தது. முதல் மழைக்கு வீட்டுக்காரர் போன் செய்தார்: "தம்பி, மாடில மீன் வளர்க்கலாம்னு இருக்கேன், குஞ்சு எங்க கிடைக்கும்?" தண்ணீர் முழுக்க, வடிகுழாய்க்கு எதிர் மூலையில் நின்றது. தட்டோட்டைப் பெயர்த்து மறுபடி வாட்டம் கொடுத்த செலவு என் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. அது நியாயம்தான்.

பிப்ரவரி 12, மதியம்

இன்னொன்று. வெயில். 30 டிகிரி தண்ணீருக்கும் 45 டிகிரி தண்ணீருக்கும் அடர்த்தியில் அரை சதவீதத்துக்குச் சற்று அதிகமாகவே வித்தியாசம் உண்டு. 20 மீட்டர் ட்யூபில் பாதி வெயிலிலும் பாதி நிழலிலும் கிடந்தால், 20 மீட்டருக்கு அரை சதவீதம், அதாவது 10 செ.மீ. வரை பிழை வரலாம். சித்திரை மாதம் மட்டியானத்தில் ட்யூப் பிடிக்காதீர்கள்.

பிப்ரவரி 12, மாலை

மேலே உள்ள கணக்கு தப்பு. "10 செ.மீ. பிழை வந்தால் ஊரில் ஒரு வீட்டிலும் கதவு சாத்த முடியாதே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சரியான கேள்வி. தரையில் படுத்துக் கிடக்கும் நீளம் எவ்வளவு சூடாக இருந்தாலும் மட்டத்தைப் பாதிக்காது. இரண்டு முனையிலும் செங்குத்தாக நிற்கும் தண்ணீர்த் தூண்கள்தான் ஒன்றையொன்று தாங்குகின்றன. அந்த உயரம் 1.2 மீட்டர் என்றால், ஒன்று வெயிலிலும் ஒன்று நிழலிலும் நின்றால், பிழை 6, 7 மி.மீ. அவ்வளவுதான். பிடிக்கும் முன் ட்யூபை ஒரு வாளி தண்ணீரில் அமுக்கி எடுத்தால் அதுவும் போய்விடும்.

"மட்டியானம்" என்பது மத்தியானம். அதையும் ஒருவர் பிடித்துவிட்டார். போன் அடிக்கிற தட்டச்சு.

பிப்ரவரி 13

வெயில் பேச்சு வந்ததால் வெள்ளைக்கார நில அளவையாளர் லாம்டன் ஞாபகம் வந்துவிட்டார். 1802இல் சென்னை பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்தார்களே, இந்தியா முழுவதும் பரவிய முக்கோண அளவைக்கு முதல் கோடு. ஏழரை மைல், 100 அடி எஃகுச் சங்கிலி, 57 நாள். சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, பெட்டிக்குப் பெட்டி வெப்பமானி வைத்து, சூட்டுக்கு எவ்வளவு நீண்டது என்று கழித்துக்கொண்டே போனார்கள். நம்மிடம் இருக்கும் 30 மீட்டர் ஸ்டீல் டேப் 20 டிகிரி கூடினால் 7 மி.மீ. நீளும். நாம் யாரும் கழிப்பதில்லை. வீட்டுக்கு அது தேவையுமில்லை. அவருக்குத் தேவைப்பட்டது, ஏனென்றால் அந்த ஒரு கோட்டில் இருக்கும் பிழை குமரி முதல் இமயம் வரை பெருகிக்கொண்டே போகும்.

இதைச் சொல்ல வந்ததற்குக் காரணம் அவருடைய தியோடலைட், கோணம் அளக்கும் கருவி. அரை டன் எடை. 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்றும்போது கயிறு விட்டுச் சுவரில் மோதி, அளவு வட்டம் வளைந்துபோனது. மனிதர் பல வாரம் உட்கார்ந்து வட்டத்தைத் தானே இழுத்துச் சரிசெய்தார். அதன் பிறகும் அந்தக் கருவி பல வருடம் வேலை செய்தது. அடிபட்டது அவருக்குத் தெரியும், அதனால் உட்கார்ந்து சரிபார்த்தார். வாடகைக் கடையில் இருந்து நமக்கு வரும் ஆட்டோ லெவல் எத்தனை முறை லாரியில் இருந்து விழுந்தது என்று யார் சொல்வார்கள்?

பிப்ரவரி 13, இரவு

அப்படி ஒரு கருவி எனக்கும் வந்தது. 2011, ஒரு கல்யாண மண்டபம், பிளிந்த் (அடித்தளத்து மேல்) மட்டம். பெட்டி புதுசு, சான்றிதழ் ஒட்டியிருந்தது. மைதானத்தில் ஒரே ஒரு வேப்பமரம். அதன் நிழலில், ஒரு மூலையில் ஸ்டாண்ட் போட்டேன். பின்பார்வை (மட்டம் தெரிந்த இடத்தைப் பார்ப்பது) 5 மீட்டரில், முன்பார்வை (மட்டம் குறிக்க வேண்டிய இடத்தைப் பார்ப்பது) 45 மீட்டரில். தசம புள்ளிக்குப் பிறகு மூன்று இலக்கம் குறித்துக்கொண்டேன். அவ்வளவு நுணுக்கமாக எழுதியதைச் சந்தேகப்பட எனக்கே மனம் வரவில்லை.

மேஸ்திரி தன் ட்யூபை எடுத்துக்கொண்டு வந்தார். "சும்மா ஒரு தடவ பாத்துக்கறேன் சார்." ட்யூப் அவ்வளவு தூரம் எட்டாது, இரண்டு தடவையாகப் பிடித்தார். கடைசி மூலை கிட்டத்தட்ட 8 மி.மீ. உதைத்தது. நான் அவர் ட்யூபைத்தான் குறை சொன்னேன். 98இல் பட்டது அப்படி. குமிழி தேடினேன், இல்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்.

அப்புறம் கல்லூரியில் படித்த இரண்டு முளைச் சோதனையைப் போட்டேன். 60 மீட்டர் இடைவெளியில் இரண்டு முளை. கருவியைச் சரியாக நடுவில் வைத்து இரண்டையும் பார்த்தால், பார்வைக் கோடு சாய்ந்திருந்தாலும் இரண்டு பக்கமும் ஒரே அளவு சாயும், வித்தியாசம் உண்மையாக வரும். பிறகு கருவியை ஒரு முளைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்து மறுபடி பார்க்க வேண்டும். வித்தியாசம் மாறினால் கருவி பொய். என்னுடையது 60 மீட்டருக்கு 12 மி.மீ. மாறியது. மீட்டருக்கு 0.2. எனக்குப் பின்பார்வைக்கும் முன்பார்வைக்கும் தூர வித்தியாசம் 40 மீட்டர். பெருக்கிப் பாருங்கள், 8.

நிழலை விட்டு நடுவில் போய் நின்றிருந்தால், அதே கெட்டுப்போன கருவியே சரியான மட்டத்தைக் கொடுத்திருக்கும். வெயிலுக்குச் சோம்பல் பட்டதன் விலை 8 மி.மீ.

பிப்ரவரி 14

"பூமி வளைவைக் கணக்கில் எடுத்தீர்களா?" என்று கேட்டவருக்கு: 100 மீட்டருக்கு ஒளி விலகலும் சேர்த்து 0.67 மி.மீ. 45 மீட்டருக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கு. வேப்பமரத்தின் மேல் போட வேண்டிய பழியைப் பூமியின் மேல் போட முடியாது.

பிப்ரவரி 15

சரி, கணக்கு. பையன் மென்பொருள் கேட்கிறானே, போடட்டும். ஆனால் அவனுக்கு ஒன்று சொல்லிக் கொடுங்கள். சீரான பாரம் உள்ள எந்த பீமிலும், இரண்டு முனை வளைதிருப்புகளின் (பீமை வளைக்கப் பார்க்கும் திருப்பத்தின் அளவு) சராசரியையும் நடுவில் வருவதையும் கூட்டினால் பாரம் பெருக்கல் நீளத்தின் வர்க்கம் வகுத்தல் எட்டு வரவேண்டும். முனை எப்படிப் பிடிக்கப்பட்டிருந்தாலும் இது மாறாது. 5 மீட்டர் பீம், மீட்டருக்கு 20 கிலோ நியூட்டன் என்றால் 62.5 கிலோ நியூட்டன் மீட்டர்.

என்னிடம் இருந்த ஒரு தம்பி அச்செடுத்துக் கொண்டுவந்தான். முனைகளில் 38, 34. நடுவில் 52. சராசரி 36, கூட்டினால் 88. கணக்கு அழகாக இருக்கிறது, பீம் எல்லாம் வண்ண வண்ணமாக வளைகிறது, ஆனால் 88. தளத்தின் சுயஎடையை அவன் கையால் ஒரு தடவை கொடுத்திருக்கிறான், மென்பொருளும் தானாக ஒரு தடவை சேர்த்துக்கொண்டது. இதில் வீடு விழாது, கம்பிதான் கூடுதலாகப் போகும். எதிர்ப்பக்கம் தப்பியிருந்தால்?

நான் படித்த காலத்தில் ஹார்டி கிராஸ் முறைதான், சுற்றுச் சுற்றாகத் திருத்திக்கொண்டே போகும் கைக்கணக்கு. 1930இல் பத்துப் பக்கக் கட்டுரையாக எழுதினார், அதை வைத்துக்கொண்டு உலகம் பல வருடம் கட்டடம் கட்டியது. அதில் ஒரு அழகு, நடுச்சுற்றில் ஒரு எண்ணைத் தப்பாகப் போட்டாலும் அடுத்தடுத்த சுற்றில் தானே சரியாகிவிடும்.

பிப்ரவரி 15, இரவு

தானே சரியாகாது. அது கானி முறை, இன்னொரு கைக்கணக்கு. கிராஸ் முறையில் நடுவில் போட்ட தப்பு கடைசி வரை கூடவே வரும், பீமும் தூணும் சேரும் கணுவில் கூட்டினால் பூஜ்யம் வந்து நம்மை ஏமாற்றவும் செய்யும். தேர்வில் எனக்கு எட்டு மதிப்பெண் போனது அப்படித்தான், அதையே முப்பது வருடம் கழித்து மாற்றி ஞாபகம் வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 16

88 விஷயத்தில் இன்னொரு திருத்தம், கட்டாயம் படிக்கவும். "மென்பொருள் தருவது பல பாரச் சேர்க்கைகளின் (சுயஎடை, ஆட்கள், காற்று என்று பாரங்கள் சேர்ந்து வரும் விதங்கள்) உச்ச அளவு. முனையில் உச்சம் ஒரு சேர்க்கையில் வரும், நடுவில் உச்சம் வேறொன்றில் வரும். இரண்டையும் கூட்டினால் எட்டால் வகுத்ததை விட அதிகமாகத்தான் இருக்கும்" என்று ஒரு பெண் பொறியாளர் எழுதியிருக்கிறார். முழுக்க சரி. ஒரே ஒரு பாரச் சேர்க்கையை மட்டும் எடுத்துத்தான் கூட்டிப் பார்க்க வேண்டும். அந்தத் தம்பி கொண்டுவந்தது ஒரே சேர்க்கைதான், அதனால் தப்பித்தேன். நான் எழுதியதை அப்படியே பிடித்துக்கொண்டு யாராவது சரியான கணக்கைத் தப்பு என்று பையனைத் திட்டியிருந்தால், போய் டீ வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

பிப்ரவரி 18

"எதிர்ப்பக்கம் தப்பியிருந்தால்" என்று கேட்டு விட்டுவிட்டேன். நார்வே, 1991 ஆகஸ்ட் 23. ஸ்லெய்ப்னர் ஏ என்ற எண்ணெய்த் தளத்தின் கான்கிரீட் அடிப்பகுதி. ஸ்டாவங்கர் ஊர் பக்கத்து ஃபியோர்டில் (நிலத்துக்குள் நீளமாக நுழைந்த கடல்) சோதனைக்காகத் தண்ணீருக்குள் இறக்கிக்கொண்டிருந்தபோது ஒரு அறைச்சுவர் உடைந்து மொத்தமும் மூழ்கியது. அடியில் போய் மோதியது நில அதிர்வுக் கருவிகளில் 3.0 என்று பதிவானது. யாரும் சாகவில்லை. நஷ்டம் சுமார் 70 கோடி டாலர். காரணம், நாஸ்ட்ரான் மென்பொருளில் அந்தச் சுவர்மூலையைக் கரடுமுரடான வலையாக, அதாவது பெரிய பெரிய துண்டுகளாகப் பிரித்துப் போட்டிருந்தார்கள், வெட்டுவிசை 47 சதவீதம் குறைவாக வந்தது. மூலையில் கம்பியையும் போதிய நீளம் விடவில்லை. பிறகு நுணுக்கமாகப் போட்ட கணக்கு 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்றது. உடைந்தது 65இல்.

மென்பொருள் மோசம் என்று இதைச் சொல்லவில்லை. 62 என்று சொன்னதும் கணினிதான். 65 மீட்டர் ஆழத்தில் சதுர மீட்டருக்கு சுமார் 65 டன் அழுத்தம், அதைத் தாங்கும் சுவரை ஒரு பீமாக நினைத்து முனையில் எவ்வளவு வெட்டுவிசை வரும் என்று பாலிடெக்னிக் மாணவன் உறையின் பின்பக்கத்தில் போட்டுவிடலாம். கணினி சொன்னதில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு என்று வந்திருந்தால் யாராவது கை தூக்கியிருப்பார்கள்.

என் மண்டபத்தில் மேஸ்திரி செய்தது இதைத்தான் என்று இதை எழுதும்போதுதான் படுகிறது. அவர் ட்யூப் என் லெவலை விடத் துல்லியம் குறைவு. ஆனால் லாரியில் இருந்து விழுந்தால் ட்யூபுக்கு ஒன்றும் ஆகாது, குமிழி வந்தால் லெவலுக்கு ஒன்றும் ஆகாது. இரண்டும் ஒரே மாதிரி கெட்டுப்போக வழியில்லை. பையனிடம் ஆட்டோ லெவலைக் கொடுத்து, ட்யூபையும் தூக்கி எறியாமல் வைத்துக்கொள்ளுங்கள். 11ஆம் தேதி நான் எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

பிப்ரவரி 20

ஹேமர். ஒரு பழைய பள்ளிக் கட்டடத்தில் மேலே ஒரு மாடி ஏற்றலாமா என்று கேட்டார்கள். கோர் (கான்கிரீட்டைத் துளைத்து உருளையாக எடுத்து உடைத்துப் பார்க்கும் துண்டு) எடுத்தால் செலவு, சத்தம், தூசி. ஹேமர் என்றால் அரை நாள். அடித்தேன். பெட்டியில் இருக்கும் வரைபடத்தைப் பார்த்தால் வலிமை சதுர மி.மீ.க்கு 30 நியூட்டனுக்கு மேல். மகிழ்ச்சி. நல்லவேளையாக ஒரு மூத்தவர் கோர் எடுக்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். கோர் 20ஐக்கூடத் தொடவில்லை.

ஹேமர் அடிப்பது தோலைத்தான். பழைய கான்கிரீட்டின் மேல்பரப்பு காற்றில் இருக்கும் கரியமில வாயுவால் இறுகிப்போயிருக்கும், உள்ளே எப்படி இருந்தாலும் வெளியே டங்கென்று துள்ளும். 2020 வரை இருந்த இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 13311இலேயே ஹேமரை வைத்துச் சொல்லும் வலிமை 25 சதவீதம் முன்னே பின்னே இருக்கும் என்று எழுதியிருந்தது. படித்திருந்தேன், மறந்திருந்தேன், சௌகரியமாக.

அதற்காக ஹேமரைத் தூக்கிப் போடவில்லை. ஒரே நாளில் போட்ட இருபது தூண்களை வரிசையாக அடித்துக்கொண்டே போனால், எது மட்டும் மந்தமாகத் துள்ளுகிறது என்று தெரியும். அந்தத் தூணில் கோர் எடுங்கள். மூன்று கோராவது வேண்டும், சராசரி குறிப்பிட்ட வலிமையில் 85 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, எந்த ஒன்றும் 75க்குக் கீழே போகக் கூடாது. ஐ.எஸ். 456 சொல்வது.

பிப்ரவரி 21

க்யூப் பற்றி ஏன் எழுதவில்லை என்று மூன்று பேர். க்யூப், அதாவது கலவையைக் கனசதுர அச்சில் ஊற்றி, இறுகியபின் உடைத்துப் பார்ப்பது, சரியான சோதனை. பிரச்சினை, முடிவு 28ஆம் நாள் வருகிறது. அதற்குள் சென்ட்ரிங் பிரித்து, மேலே சுவர் எழும்பி, வீட்டுக்காரர் கதவுக்கு முன்பணம் கொடுத்திருப்பார். 20 வரவேண்டிய இடத்தில் 14 என்று தாள் வந்தால் அதை வைத்து என்ன செய்வீர்கள்? பெரும்பாலும் ஹேமரை எடுத்துக்கொண்டு ஓடுவீர்கள், மேலே பார்க்கவும்.

அதனால் எனக்கு சரிவுக்கூம்பு பிடிக்கும். 30 செ.மீ. உயர ஸ்லம்ப் கோன், குத்துக்கம்பி, அளவுகோல். கூம்பைத் தூக்கினால் கலவை எவ்வளவு இறங்குகிறது என்று இரண்டு நிமிடத்தில் தெரியும். வலிமையை அது சொல்லாது. ஆனால் காலையில் 80 மி.மீ. இறங்கிய கலவை பதினோரு மணிக்கு 160 இறங்கினால், யாரோ தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். லாரி இன்னும் நின்றுகொண்டிருக்கிறது, திருப்பி அனுப்பலாம்.

க்யூபில் இன்னொரு கூத்து. சில சைட்டில் க்யூபுக்கென்று தனிக் கலவை போடுவார்கள், சிமெண்ட் இரண்டு கை கூட. மாப்பிள்ளைக் கலவை என்று பெயர். நானும் ஒரு தடவை கண்டும் காணாமல் இருந்திருக்கிறேன். க்யூப் 38 வந்தது, தளத்தில் கல் தெரிந்தது.

பிப்ரவரி 25

கேள்வி கேட்டவர் திரும்ப எழுதியிருக்கிறார். பையன் ஆட்டோ லெவல் எடுத்துவந்தானாம், இவர் இரண்டு முளை அடித்துச் சோதித்தாராம், 60 மீட்டருக்கு 5 மி.மீ. மாறுகிறதாம். "வாடகைக் கடைக்குத் திருப்பி அனுப்பட்டுமா, நடுவில் வைத்துச் சமாளிக்கட்டுமா?"

உங்கள் மனை நாற்பதுக்கு அறுபது அடி. எங்கே வைத்தாலும் தூர வித்தியாசம் 22 மீட்டரைத் தாண்டாது, பிழை இரண்டு மி.மீ.க்குள்தான். நடுவில் வையுங்கள், வேலையைப் பாருங்கள். திருப்பிக் கொடுக்கும்போது பெட்டியின் மேல் அந்த 5ஐயும் தேதியையும் எழுதி ஒட்டிவிடுங்கள்.

ட்யூப் தண்ணீருக்கு என்ன நிறம் போடுவது என்று கேட்டதற்கு: சொட்டு நீலம், ஒரு வாளிக்கு நாலு சொட்டு. குமிழி பளிச்சென்று தெரியும். வாயில் வைத்து உறிஞ்சும் ஆளிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், எங்கள் சித்தாள் ஒருவர் அன்று முழுக்க நீலப்பல்லோடு திரிந்தார்.